2008 நிதி நெருக்கடி: வங்கிகளையும் சந்தைகளையும் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

2007 ஆகஸ்ட் முதல் 2009 மார்ச் வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வங்கிகள் அடுத்தடுத்துச் சாய்ந்த அந்தப் பத்தொன்பது மாதங்களை நான் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெடுத்து வந்தேன். அந்த நாட்களைப் பற்றி இன்றும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அடிக்கடி வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் தரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இவை என் சொந்தக் கருத்துகள். சில இடங்களில் அன்று நினைத்ததை நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நெருக்கடி, அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலான நாளில்தானே தொடங்கியது?

இல்லை. அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாக, 2007 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. அன்று காலை பிரான்ஸின் பிஎன்பி பரிபா வங்கி, தன் நிர்வாகத்திலிருந்த மூன்று முதலீட்டு நிதிகளில் யாரும் பணம் எடுக்க முடியாது என்று அறிவித்தது. அமெரிக்க வீட்டுக்கடன்களை அடிப்படையாகக் கொண்ட பத்திரங்களை வாங்க ஆளில்லாததால் அவற்றுக்கு நியாயமான விலையைக் கணக்கிடவே இயலவில்லை என்பதுதான் அது சொன்ன காரணம். அந்தச் செய்தியில் என்னை உறுத்தியது இழப்பின் அளவு அன்று. இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை என்பதே செய்தியாக இருந்தது. விலை தெரியாத பொருளை அடமானமாக ஏற்றுக்கொண்டு யார் கடன் கொடுப்பார்கள்? அன்றைக்கே ஐரோப்பிய மைய வங்கி 9,480 கோடி யூரோவை வங்கிகளுக்குக் கடனாக இறக்க வேண்டியிருந்தது.

ஆனால் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு அதற்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 9 அன்று, 14,164 புள்ளிகளைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சத்தில் முடிந்தது. பங்கு விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நெருக்கடி தொடங்கியதே தெரிந்திருக்காது.

லாபத்தில் இயங்கும் வங்கி, ஒரே வாரத்தில் எப்படிச் சாயும்?

இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே புரிந்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வங்கியிடம் 100 பங்கு சொத்து இருப்பதாகக் கொள்ளுங்கள். அதில் 3 பங்கு அதன் சொந்த மூலதனம்; மீதி 97 பங்கு பிறரிடம் வாங்கிய கடன். நெருக்கடிக்கு முன் பெரிய முதலீட்டு வங்கிகள் பலவற்றின் நிலை ஏறத்தாழ இதுதான். சொத்தின் விலை ஒரே ஒரு சதவீதம் குறைந்து 99 ஆகிறது. கடன் குறையாது, அது 97 ஆகவே நிற்கும். எனவே அந்த ஒரு பங்கு இழப்பு முழுவதும் சொந்த மூலதனத்தின் தலையில் விழுந்து, 3 என்பது 2 ஆகிவிடுகிறது. மூலதனத்துக்கும் சொத்துக்கும் முன்பிருந்த அதே விகிதத்தை வங்கி காப்பாற்ற வேண்டுமென்றால், 2 பங்கு மூலதனத்தைக் கொண்டு ஏறத்தாழ 67 பங்கு சொத்தைத்தான் வைத்திருக்க முடியும். ஒரு சதவீத விலைச் சரிவுக்காகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை விற்றாக வேண்டும். எல்லா வங்கிகளும் ஒரே வகைப் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் விற்க வந்தால், விலை மேலும் ஒரு சதவீதம் குறையும். மறுபடியும் விற்க வேண்டியிருக்கும்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி, அந்த 97 பங்கு கடனை எத்தனை நாளுக்கு வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது. வங்கி தன் பணத்தை இருபது, முப்பது ஆண்டு வீட்டுக்கடனில் பூட்டி வைத்திருக்கும். தான் வாங்கிய கடனையோ ஒரு மாதத்துக்கோ, ஒரு வாரத்துக்கோ, பல நேரங்களில் ஒரே இரவுக்கோ வாங்கியிருக்கும். பத்திரத்தைப் பிணையாகக் கொடுத்து மாலையில் பணம் வாங்கி, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்து, மாலையில் மீண்டும் வாங்கும் ரெப்போ முறையில் அந்நாளைய முதலீட்டு வங்கிகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கடன் கொடுப்பவர் வழக்குப் போட வேண்டியதில்லை, குற்றம் சாட்ட வேண்டியதில்லை. "இன்று புதுப்பிக்கவில்லை" என்று சொன்னாலே போதும். 2008 மார்ச் 10 அன்று பேர் ஸ்டெர்ன்ஸ் வங்கியின் கையில் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் ரொக்க இருப்பு இருந்தது. 13-ஆம் தேதி மாலையில் எஞ்சியிருந்தது சுமார் 200 கோடி டாலர். இடைப்பட்ட மூன்று நாட்களில் அந்த வங்கி புதிதாகத் தவறான கடன் எதையும் கொடுத்துவிடவில்லை. அதற்குக் கடன் கொடுத்து வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

ஆகவே வங்கிகள் வீழ்ந்ததற்கு மோசமான கடன்கள் மட்டுமே காரணம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மோசமான கடன் எல்லாக் காலத்திலும் இருக்கிறது. சொந்தப் பணம் மிகக் குறைவாகவும், வாங்கிய கடன் மிகக் குறுகிய காலத்துக்கானதாகவும் இருந்ததால்தான் தாங்கக்கூடிய இழப்பு கூடத் தாங்க முடியாததாயிற்று.

நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் பீதியில் அறிவிழந்து நடந்துகொண்டார்களா?

இந்தக் குற்றச்சாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த நார்தர்ன் ராக் வங்கி, அந்நாட்டின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கியிடம் அவசர உதவி கேட்டிருக்கிறது என்ற செய்தி 2007 செப்டம்பர் 13 இரவில் வெளியானது. மறுநாள் காலையிலிருந்து அதன் கிளைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 1866-க்குப் பிறகு பிரிட்டனில் அப்படியொரு காட்சி அதுதான் முதல் முறை.

அவர்களுடைய இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய பிரிட்டிஷ் விதிப்படி வங்கி நொடித்தால் முதல் 2,000 பவுண்டுக்கு முழு உத்தரவாதம்; அடுத்த 33,000 பவுண்டுக்குத் தொண்ணூறு சதவீதம் மட்டும்; அதற்கு மேல் எதுவும் இல்லை. ஒருவர் 20,000 பவுண்டு சேமித்திருந்தால் 2,000-மும், மீதி 18,000-இல் தொண்ணூறு சதவீதமான 16,200-மும் சேர்த்து 18,200 பவுண்டுதான் அவருக்குக் கிடைக்கும். 1,800 பவுண்டு போய்விடும். மீதியும் உடனடியாகக் கைக்கு வராது. அரை நாள் நின்றால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்னும்போது நிற்பதுதான் அறிவுடைமை. வரிசையில் நின்ற பெரியவர்களும் ஓய்வூதியக்காரர்களும் தங்கள் நலனைச் சரியாகவே கணித்தார்கள். தவறு அந்த விதியில் இருந்தது. பொதுமக்கள் போட்ட பணத்தை அரசு உத்தரவாதம் செய்யும் என்று செப்டம்பர் 17 அன்று நிதியமைச்சர் அறிவித்த பிறகு, வரிசைகள் கலைந்ததே அதற்குச் சான்று.

இன்னொன்றும் உண்டு. 2007-இன் நடுவில் நார்தர்ன் ராக் திரட்டியிருந்த நிதியில் பொதுமக்களின் வைப்புத்தொகை நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. மற்றவை பெருநிறுவனங்களிடமிருந்தும் சந்தையிலிருந்தும் வந்தவை. அப்படிக் கடன் கொடுத்து வந்த பெரிய நிறுவனங்கள் ஆகஸ்ட் 9-க்குப் பிறகே, தொலைபேசியிலும் கணினித் திரையிலும், ஓசையில்லாமல் பின்வாங்கத் தொடங்கிவிட்டன. படமெடுக்க அங்கே வரிசை இல்லை. கடைசியாக வந்த எளிய மக்கள் தெருவில் நின்றதால் பழி அவர்கள் மேல் விழுந்தது.

அமெரிக்காவின் ஒரு சிறிய பகுதிக் கடன் உலகம் முழுவதையும் எப்படி ஆட்டியது?

சப்பிரைம் எனப்பட்ட, திருப்பிச் செலுத்தும் வசதி குறைந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வீட்டுக்கடன்களின் பாதிப்பு அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையை அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கியே 2007 மார்ச்சில் வெளிப்படுத்தினார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை பெரிதாக இல்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கடன்களின் இழப்பு உலகப் பங்குச்சந்தைகள் ஒரு மோசமான வாரத்தில் இழக்கும் தொகையைவிட மிகப் பெரியதன்று. சிக்கல் அந்த இழப்பு யாரிடம் இருக்கிறது என்பதில் இருந்தது.

ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி, அதை அடுக்குகளாக வெட்டி, அடுக்குகளை மீண்டும் கட்டி மீண்டும் வெட்டி விற்றார்கள். பத்திரத்துக்குத் தரக்குறியீடு வழங்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுத்தவர் அந்தப் பத்திரத்தை விற்பவரே. மிக உயர்ந்த தரம் என்ற முத்திரையோடு அவை ஜெர்மனியின் வங்கிகளுக்கும் போயின, அமெரிக்காவின் ஓய்வூதிய நிதிகளுக்கும் போயின. பிறகு வீட்டு விலை இறங்கியபோது, எதிரில் இருப்பவரின் கணக்கில் எவ்வளவு அழுகல் இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது எல்லோரையும் சந்தேகிப்பதுதான் பாதுகாப்பு. வங்கிகள் ஒன்றுக்கொன்று மூன்று மாதக் கடன் கொடுக்கக் கேட்ட வட்டிக்கும், ஓரிரவு வட்டியை அடிப்படையாகக் கொண்ட விகிதத்துக்கும் இடைவெளி சாதாரண நாட்களில் பத்தில் ஒரு சதவீதம் அளவில் இருக்கும். 2008 அக்டோபர் 10 அன்று அது 3.64 சதவீதத்தை எட்டியது. அந்த ஆண்டு முழுவதும் நான் காலையில் எழுந்ததும் முதலில் பார்த்த எண் அதுதான்.

லேமன் பிரதர்ஸைக் கைவிட்டது சரியா?

2008 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. 63,900 கோடி டாலர் சொத்துக் கணக்குக் காட்டிய, 1850-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அன்று என் குறிப்பேட்டில் "ஒருவழியாக ஒரு பாடம்" என்று எழுதினேன். மார்ச்சில் பேர் ஸ்டெர்ன்ஸை ஜேபி மார்கன் வங்கி வாங்குவதற்கு ஃபெடரல் ரிசர்வ் ஏறத்தாழ 2,900 கோடி டாலர் கடன் கொடுத்துத் துணைநின்றது எனக்குப் பிடித்திருக்கவில்லை. ஆபத்தை விலைக்கு வாங்கியவர்கள் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

மறுநாளே அந்த உறுதி ஆட்டம் கண்டது. ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச்சந்தை நிதியைப் பற்றிய செய்தி வந்தது. வங்கிக் கணக்குக்கு நிகரான பாதுகாப்பு என்று நம்பி, சாதாரண மக்களும் நிறுவனங்களும் 6,000 கோடி டாலருக்கும் மேல் போட்டு வைத்திருந்த நிதி அது. லேமனின் குறுகிய காலப் பத்திரங்களில் அது போட்டிருந்தது 78.5 கோடி டாலர். மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றே கால் பங்குகூட வராது என்றுதான் நான் முதலில் கணக்கிட்டேன், அவ்வளவு சிறிய தொகை. ஆனால் ஒரு டாலர் போட்டால் எந்நாளும் ஒரு டாலர் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்குறுதியின் மேல் நின்ற நிதி, ஒரு டாலருக்கு 97 சென்ட் என்று அறிவித்த கணத்தில், மற்ற எல்லாப் பணச்சந்தை நிதிகளிலிருந்தும் மக்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நிதிகளிடம் குறுகிய காலக் கடன் வாங்கித்தான் பல தொழில் நிறுவனங்கள் சம்பளமும் சரக்குக் கட்டணமும் கொடுத்து வந்தன. வங்கியாளர்களுக்கு நான் விரும்பிய தண்டனை, லேமனின் பெயரையே கேள்விப்படாத தொழிலாளியின் சம்பள நாளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 19 அன்று அமெரிக்கக் கருவூலம் அத்தகைய நிதிகளுக்கு உத்தரவாதம் அறிவித்த பிறகுதான் அந்த ஓட்டம் நின்றது.

எனவே இன்று என் பதில் இரண்டு பகுதிகள் கொண்டது. லேமன் மூடப்பட வேண்டிய நிறுவனம்தான். காலாண்டு இறுதிக் கணக்கில் கடன் குறைவாகத் தெரிவதற்காகப் பல ஆயிரம் கோடி டாலர் சொத்துகளைச் சில நாட்களுக்குக் கணக்கிலிருந்து நகர்த்தி வைத்த நிர்வாகத்துக்காக நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் அதை ஒழுங்காக மூடுவதற்கான சட்டமும் ஏற்பாடும் இல்லாத நிலையில், மார்ச்சில் ஒருவரைக் காப்பாற்றிச் செப்டம்பரில் மற்றொருவரைக் கைவிட்டு, அடுத்த நாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது, விதி என்ன என்றே யாருக்கும் புரியாத நிலையை உண்டாக்கியது. கடுமையான விதியைக்கூடச் சந்தை தாங்கிக்கொள்ளும். வாரத்துக்கு ஒன்றாக மாறும் விதியை அதனால் தாங்க முடியாது.

பங்குகளை இறக்கி விற்ற ஊக வணிகர்கள்தானே வங்கிகளைச் சாய்த்தார்கள்?

அப்படித்தான் வங்கித் தலைவர்கள் சொன்னார்கள். செப்டம்பர் 19 அன்று அமெரிக்கா 799 நிதி நிறுவனப் பங்குகளைக் கையில் இல்லாமல் விற்பதற்கு, அதாவது விலை இறங்கும் என்று நம்பி இரவல் வாங்கி விற்பதற்கு, தடை விதித்தது. தடை அமலில் இருந்த மூன்று வாரத்திலும் அந்தப் பங்குகள் சரிந்துகொண்டுதான் இருந்தன. காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் தணியாது.

சந்தை விலைப்படி சொத்தை மதிப்பிடும் கணக்கு முறையைப் பற்றி?

அது வங்கிகளின் இழப்பை மிகைப்படுத்திக் காட்டியது என்று சொல்லப்படும் குறையில் ஓரளவு உண்மை உண்டு. வாங்குவோரே இல்லாத நாளின் விலையை உண்மையான மதிப்பு என்று கொள்ள முடியாது. ஆயினும் ஒரே இரவுக்குக் கடன் வாங்கிப் பிழைக்கும் வங்கிக்கு, அந்த இரவின் விலைதான் விலை. முப்பது ஆண்டு காத்திருக்கக்கூடியவர் மட்டுமே முப்பது ஆண்டு மதிப்பைப் பற்றிப் பேசும் உரிமை பெற்றவர்.

மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு வங்கிகளைக் காப்பாற்றியது நியாயமா?

காப்பாற்றியது தேவை, காப்பாற்றிய விதம் அநியாயம். இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒன்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 29 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தை 228-க்கு 205 என்ற கணக்கில் நிராகரித்தபோது டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 777 புள்ளிகள் விழுந்தது. அக்டோபர் 3 அன்று திட்டம் நிறைவேறியது. முதல் தவணையாக ஒன்பது பெரிய வங்கிகளுக்கு 12,500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பதிலுக்கு வங்கிகள் கொடுத்த முன்னுரிமைப் பங்குகளுக்கு (மற்ற பங்குதாரர்களுக்கு முன்பாக ஈவுத்தொகை பெறும் பங்குகளுக்கு) அரசு கேட்ட ஈவுத்தொகை ஆண்டுக்கு 5 சதவீதம். அதற்கு மூன்று வாரம் முன்பு அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், அந்த ஒன்பதில் ஒன்றான கோல்ட்மேன் சாக்ஸில் 500 கோடி டாலர் முதலீடு செய்தார். அவர் கேட்டுப் பெற்றது 10 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நெருக்கடியில் தாராளமாகக் கடன் கொடு, நல்ல பிணைக்குக் கொடு, உயர்ந்த வட்டிக்குக் கொடு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வகுக்கப்பட்ட நெறி. முதல் பகுதியைப் பின்பற்றியவர்கள் கடைசிப் பகுதியை மறந்துவிட்டார்கள்.

ஏஐஜியிடம் அரசு கடுமையாகவே நடந்துகொண்டது. உயர்ந்த வட்டியும் 79.9 சதவீத உரிமையும் பெற்றது. ஆனால் ஏஐஜி யாருக்கெல்லாம் காப்புறுதி விற்றிருந்ததோ அந்தப் பெரிய வங்கிகளுக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தது. ஒரு காசு கூடத் தள்ளுபடி கேட்கப்படவில்லை. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்த குடும்பங்களின் தவணையைக் குறைப்பதற்காக 2009-இல் தொடங்கிய திட்டமோ, முப்பது முதல் நாற்பது லட்சம் குடும்பங்கள் என்ற தன் இலக்கை எட்டவே இல்லை. வங்கிகளுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் ஆதாயத்தோடு திரும்பி வந்துவிட்டதே என்று சிலர் வாதிடுகிறார்கள். வந்தது உண்மைதான். வீட்டை இழந்தவருக்கு வீடு திரும்பி வரவில்லை.

அயர்லாந்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. அந்த நாட்டரசு 2008 செப்டம்பர் 30 அன்று தன் பெரிய வங்கிகளின் வைப்புகளுக்கு மட்டுமின்றி, அவற்றின் கடன்களில் பெரும்பகுதிக்கும் உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளின் கடன் நாட்டின் கடனாயிற்று. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் அயர்லாந்து கையேந்த வேண்டியதாயிற்று.

பயம் எப்போது, எதனால் அடங்கியது?

டவ் ஜோன்ஸ் 2009 மார்ச் 9 அன்று 6,547-இல் அடிமட்டத்தைத் தொட்டது. உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் போயிருந்தது. அடங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. நான் முதலிடம் கொடுப்பது அந்த ஆண்டு மே மாதம் வெளியான வங்கிச் சோதனை முடிவுகளுக்கு. நிலைமை இன்னும் மோசமானால் 19 பெரிய வங்கிகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு இழக்கும் என்று ஃபெடரல் ரிசர்வ் கணக்கிட்டு, பெயர் சொல்லி வெளியிட்டது. பத்து வங்கிகளுக்குச் சேர்த்து 7,500 கோடி டாலர் கூடுதல் மூலதனம் தேவை என்று தெரிந்தது. அந்தத் தொகை பெரியதுதான், ஆனாலும் அது ஒரு எண். 2007 ஆகஸ்டில் தொலைந்துபோன எண் அது.

என் சேமிப்பை நான் எப்படிப் பார்த்துக்கொள்வது?

உங்கள் நாட்டில் வைப்புக் காப்பீட்டின் வரம்பு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட தொகை ஒரே வங்கியில் இருக்க வேண்டாம். அடுத்த சில ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தையில் வைக்க வேண்டாம். வைப்பைவிட அதிக வட்டி, ஆனால் வைப்பைப் போன்ற பாதுகாப்பு என்று யாரேனும் சொன்னால், அந்தக் கூடுதல் வட்டி எதற்கான கூலி என்று கேளுங்கள். ரிசர்வ் பிரைமரி ஃபண்டில் போட்டவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது வங்கிகள் பாதுகாப்பாகிவிட்டனவா?

சொந்த மூலதனம் முன்பைவிட அதிகம் என்பது உண்மை. அது நல்ல மாற்றம். கடன் கொடுத்தவர்கள் விலகும் வேகமும் கூடியிருக்கிறது. 2008 செப்டம்பரில், அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய வங்கி வீழ்ச்சியான வாஷிங்டன் மியூச்சுவலிலிருந்து ஏறத்தாழ பத்து நாட்களில் 1,670 கோடி டாலர் வெளியேறியது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாளைக்கு மேலும் 10,000 கோடி டாலருக்குக் கோரிக்கை வரிசையில் இருந்தது. அங்கே சப்பிரைம் கடனும் இல்லை, சிக்கலான அடுக்குப் பத்திரமும் இல்லை. அமெரிக்க அரசின் உத்தரவாதம் கொண்ட நீண்ட காலப் பத்திரங்களில்தான் அந்த வங்கி பணத்தைப் போட்டிருந்தது. வட்டி ஏறியதும் அவற்றின் விலை இறங்கியது. வைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காப்பீட்டு வரம்பைத் தாண்டியவை என்பதால் அவற்றுக்கு உரியவர்கள் காத்திருக்கவில்லை. பெரும்பாலோர் தெருவில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலும் கைப்பேசியிலும் கணினியிலுமே முடிந்தது. மார்ச் 10 அன்று, வேலை நேரம் முடியும் முன்பே, அந்த வங்கியை அதிகாரிகள் மூடினார்கள்.